கத்தாத ஸ்டாண்டு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கீழே இருபது முப்பது பைக்குகள் நிற்கும். எல்லாம் பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு, ஒருக்களித்துச் சாய்ந்து, இதோ கிளம்பிவிட்டேன் என்கிற தோரணையில் நிற்பவை. அவற்றைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். வண்டி என்றால் நடு ஸ்டாண்டில் இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் வண்டிக்காரர் வீட்டில் இருக்கிறார், சாப்பிடுவார், தூங்குவார், நாளைக்கும் இருப்பார் என்று அர்த்தம். இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவர்.

என் அப்பா லாரி ஓட்டினார். அவரும் பெரியப்பாவும் பங்கு போட்டு வாங்கிய லாரி. பெரியப்பா நாமக்கல்லில் லாரி நிறுத்தும் செட்டைப் பார்த்துக்கொண்டார். அப்பா ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தா போனார். போக வர இருபத்தைந்து நாள் ஆகும். வந்தால் நாலு நாள் வீட்டில் இருப்பார். யாரோ ஓட்டிக் களைத்த ஒரு பச்சை மோட்டார் சைக்கிளை வாங்கி வைத்திருந்தார். லாரி ஏறக் கிளம்பும்போது அதில்தான் நாமக்கல் போய், அதைச் செட்டில் நிறுத்திவிட்டு லாரியில் ஏறுவார். ஆக, வண்டி வாசலில் நின்றால் அப்பா இருக்கிறார், நிற்காவிட்டால் இல்லை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த காலண்டர் அதுதான்.

எங்கள் வீடு ஊருக்குள் இருக்கவில்லை. நாமகிரிப்பேட்டைப் பக்கம், தார் ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் கள்ளிவேலி போட்ட இட்டேரியில் ஒரு பர்லாங்கு நடந்தால், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஒற்றை ஓட்டு வீடு. அதில் அம்மா, நான், ஒரு எருமை. அம்மா பேசுவதில் பாதி எருமைக்குப் போய்விடும். மீதியில் பாதி, இதைச் செய் அதைச் செய் என்பதாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டால் மற்றப் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே நின்றுவிடுவார்கள். நான் மட்டும் தனியாக இட்டேரிக்குள் நுழைவேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாசலுக்குப் போவேன். அங்கே மண் தரையில், வண்டியின் நடு ஸ்டாண்டு அழுத்தி அழுத்தி உண்டான இரண்டு குழிகள் இருக்கும். அதில் என் இரண்டு குதிகாலையும் வைத்து நிற்பேன். அளவெடுத்தது போலப் பொருந்தும். அப்படியே நின்றுகொண்டு இட்டேரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்ய?

அந்த ஸ்டாண்டு ஒரு சத்தம் போடும். வண்டியை ஏற்றினாலும் இறக்கினாலும், சாவுக்கு வந்த ஒப்பாரிக்காரி மாதிரி 'கிரீச்' என்று கத்தி, பின்பு 'டொக்' என்று இரும்பு இரும்பில் முட்டும். காட்டு வழியில் போய் வந்து சேறும் மண்ணும் அப்பி, ஸ்டாண்டு சுழல்கிற ஆணி வறண்டு கிடந்ததுதான் காரணம். அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. எனக்கு அதைவிட நல்ல சத்தம் உலகத்தில் இல்லை. சாயங்காலத்தில் கத்தினால் அப்பா வந்துவிட்டார். விடியலில் கத்தினால் அப்பா போகிறார். கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிடும்.

விடியலில் எஞ்சின் சத்தமே எழுப்பிவிடாதா என்று கேட்பீர்கள். எழுப்பாது. கோழி கூப்பிடும் நேரத்துக்கு அம்மா பால் கறக்க உட்கார்ந்திருப்பாள். எங்கள் எருமை ஒரு மகாராணி. பக்கத்தில் எஞ்சின் ஓடினால் மடியை இறுக்கிக்கொண்டு சொட்டுப் பால் விடாது. அதனால் அப்பா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தார் ரோடு வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே இருக்கும் கருப்பணார் கல்லைக் கும்பிட்டுவிட்டுத்தான் எஞ்சினை உதைப்பார். லாரி ஓட்டி ஊரை ஆட்டுகிற மனுஷன், எருமைக்குப் பயந்து ஒரு பர்லாங்கு தள்ளினார். ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு 'கிரீச்' மட்டும்தான்.

ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டு எழுந்து ஓடி, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். சும்மா இல்லை, காடே அதிர அழுதேன். அம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த நடையில் ஒரிசாப் பக்கம் எங்கேயோ லாரிக்கு அச்சு முறிந்து, மழையில் நனைந்து பாதிச் சரக்கு கூழாகி, அப்பா எட்டு நாள் தாமதமாக வந்தார். லாரிக்காரர் வீடுகளில் சில சட்டங்கள் உண்டு. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது. பின்னால் இருந்து கூப்பிடக்கூடாது. முக்கியமாக, கிளம்பும் நேரத்தில் யாரும் கண்ணீர் விடக்கூடாது. நாமக்கல்லில் இருந்து வந்த பெரியம்மா, என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்.

"பொட்டப்புள்ள இப்புடி அழுது அனுப்புனா லாரி எப்புடிப் புள்ள ஊடு வந்து சேரும்?"

நான் முருங்கை மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். இரும்பு அச்சை என் கண்ணீர் எப்படி முறித்திருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் விளங்கவில்லை. ஆனால் பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த வயது அது.

அந்த நாலு நாளில் கடைசி நாள் சாயங்காலம் அப்பா வண்டியை முருங்கை மரத்தில் சாய்த்து வைத்து, ஸ்டாண்டுக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். நான் விடுவேனா? போய் ஒட்டிக்கொண்டேன். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை நான் பிடித்தேன். அவர் பழைய பல் தேய்க்கும் பிரஷை நனைத்து ஆணியைச் சுற்றி இருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்தார். லாரியிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் இருந்து கிரீஸை விரலால் வழித்து, இடுக்கில் திணித்து, ஸ்டாண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினார். பத்துத் தடவை ஆட்ட வேண்டும் என்றார், நான் எண்ணினேன். பிதுங்கி வெளியே வந்த கிரீஸைத் துணியால் துடைத்தார். விட்டுவைத்தால் மண் பிடித்துக்கொள்ளுமாம். கடைசியாக, ஸ்டாண்டு மேலே வந்து முட்டுகிற இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினார். முடிச்சின் மேல் என் விரலை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். என் மூக்கில் கிரீஸ் பட்டதைப் பார்த்துச் சிரித்தார். நாலு நாளில் அவர் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெயில் முகத்தில் அடித்துத்தான் எழுந்தேன். வாசலில் இரண்டு குழிகள் மட்டும் இருந்தன.

எப்போது போனார் என்று கேட்டேன். கோழி கூப்பிடும்போதே போய்விட்டார் என்றாள் அம்மா. எனக்குக் கேட்கவே இல்லையே என்றேன். அம்மா எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அதுக்குத்தானே சாமி, எண்ணெ போட்டது."

அவள் அதை வேண்டும் என்று சொன்னாளா, வாய் தவறிச் சொன்னாளா, தெரியாது. நான் என் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக இருந்தது. கிண்ணம் பிடித்தது நான். பத்து வரை எண்ணியது நான். முடிச்சுக்கு விரல் கொடுத்ததும் நான். என்னை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டார் என்று அவ்வளவு ஆத்திரம் வந்தது. அழலாம் என்றால் அதற்கும் வழியில்லை. லாரி நடுவழியில் இருக்கிறது, அச்சு முறிந்தால் யார் பொறுப்பு?

இருபத்தைந்து நாளும் நான் ஒரு திட்டம் போட்டேன். அப்பா திரும்பி வந்து, நாலாம் நாள் சாயங்காலம் கிணற்றுக்குக் குளிக்கப் போனார். அம்மா வழிச் சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தாள். வண்டி கழுவிய ஈரத்தோடு வாசலில் ஸ்டாண்டில் நின்றது. மண்ணெண்ணெய்த் துணியால் ஸ்டாண்டின் ஆணியைச் சொட்டுக் கிரீஸ் இல்லாமல் துடைத்தேன். டியூப் துண்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். போதாது என்று தோன்றியது. வாய்க்காலில் இருந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளிவந்து இடுக்கு முழுக்கத் திணித்தேன். பிறகு மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, சிரித்துப் பழகினேன். ஆமாம், அழாமல் வழியனுப்பப் பழகினேன். "போய்ட்டு வாங்கப்பா" என்று எருமையிடம் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். அது அசைபோட்டுக்கொண்டு கேட்டது.

அன்று விடியலில் ஸ்டாண்டு கத்திய கத்தலை இன்றைக்கு நினைத்தாலும் பல் கூசுகிறது. எருமை மிரண்டு எட்டி உதைத்தது. பால் குண்டா உருண்டது. அம்மா எருமையையும் அதன் வம்சத்தையும் திட்டுவது கேட்டது. நான் ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடினேன். அப்பா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பழகியபடியே பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"போய்ட்டு வாங்கப்பா."

அப்பா குனிந்து ஸ்டாண்டின் ஆணியை ஒரு விரலால் தடவினார். லாந்தர் வெளிச்சத்தில் விரலைப் பார்த்தார். அதில் மணல். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். சிரிப்பை மட்டும் விடவில்லை. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னாச்சுங்கப்பா?"

"ஒண்ணுமில்ல சாமி. மண்ணு கண்ணுல உழுந்துருச்சு. நீ உள்ள போ."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இட்டேரிக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பணார் கல் பக்கம் எஞ்சின் உதைபடும் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. என் மணல் அப்பாவின் கண்ணுக்குள் போய்விட்டது. அந்தக் கண்ணோடு அவர் கல்கத்தா வரைக்கும் லாரி ஓட்ட வேண்டும்! அழுததற்கே அச்சு முறிந்தது என்றால், கண்ணில் மண் போட்டதற்கு என்னவெல்லாம் ஆகும்? யாரிடம் சொல்ல? அம்மாவிடம் சொன்னால் விளக்குமாறு பிய்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சொல்ல எனக்குக் கூட்டாளி கிடையாது. எருமையிடம் சொன்னேன். பிரயோஜனம் இல்லை.

ஒருநாள், கண்ணில் மணல் இருந்தால் ரோடு தெரியுமா என்று பார்க்க, வாய்க்கால் மணலில் ஒரு சிட்டிகை எடுத்து என் வலது கண்ணில் நானே போட்டுக்கொண்டேன். இட்டேரியும் தெரியவில்லை, ஒரு எழவும் தெரியவில்லை. அலறிக்கொண்டு ஓடினேன். அம்மா மடியில் போட்டு, தண்ணீர் அடித்துக் கழுவி, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். எப்படிப் பட்டது என்று கேட்டாள். காற்றில் வந்தது என்றேன். இரண்டு நாள் கண் கோவைப்பழமாக இருந்தது. எனக்கு விளக்கெண்ணெய் விட அம்மா இருந்தாள். லாரியில் அப்பாவுக்கு யார் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, போர்வைக்குள் தலையை மூடிப் படுத்திருந்தேன். அந்த இருபத்தைந்து நாளைப் போல நீளமான நாட்களை அதன்பிறகு நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்குப் படுத்திருந்த நாட்கள்கூட அவ்வளவு நீளம் இல்லை.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம் ஸ்டாண்டு கத்தியது. ஓடிப்போய் முதலில் அவர் கண்ணைத்தான் பார்த்தேன். இரண்டும் சிவப்பாக இருந்தன. லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கண் எப்போதுமே அப்படித்தான் இருக்கும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. இன்னும் மண் போகவில்லை என்றே முடிவு கட்டினேன். அவர் எனக்கு வாங்கிவந்த சங்கு வளையலைக்கூட அன்று போட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் தடவை அப்பா வண்டியை முழுக்க வேலை பார்த்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். பிரேக் கம்பியை முடுக்கினார். ஸ்டாண்டை மட்டும் தொடவில்லை. அம்மா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த ஸ்டாண்டுக்கு எண்ணெ போடறதில்லீங்களா? எரும மறுபடியும் ஒதைச்சுப் போடும்."

"கத்துனாக் கத்திட்டுப் போவுது, உடு" என்றார் அப்பா.

எனக்குப் பகீரென்றது. பாவம், மறந்துவிட்டார், உள்ளே இன்னும் மணல் இருக்கிறது, நாளைக்கு இறக்கும்போது மறுபடியும் கண்ணில் விழப்போகிறது என்று தோன்றியது. நாலாம் நாள் சாயங்காலம் அவர் கிணற்றுக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்துக்கொண்டு, வண்டி சாய்ந்திருந்த முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மணல் விடாமல் தேய்த்து எடுத்தேன். ஸ்பிரிங்கை என்னால் கழற்ற முடியவில்லை. அப்படியே சுற்றிச் சுற்றித் துடைத்தேன். அடுக்களை விறகுக்குப் பின்னால் இருந்த கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் வழித்து இடுக்கு நிரம்பத் திணித்தேன். இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துப் பத்துத் தடவை ஆட்டினேன். சந்தேகத்துக்கு இன்னொரு பத்து. பிதுங்கியதைத் துடைத்தேன். நான் ஒளித்து வைத்திருந்த டியூப் துண்டையும் எடுத்துவந்து சுற்றினேன். முடிச்சை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாததால் பல்லால் இழுத்துக் கட்டினேன். அப்பா குளித்துவிட்டு வந்து, இருட்டுகிற நேரத்தில் வண்டியைத் தள்ளிவந்து ஸ்டாண்டில் ஏற்றினார். சத்தமே இல்லை. ஆனால் பக்கத்தில் அம்மா அம்மிக்கல்லில் போட்ட சத்தத்தில் அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இனிமேல் அப்பாவின் கண்ணுக்கு ஆபத்தில்லை. சத்தம் இல்லாவிட்டால் என்ன, நாமே விழித்துக்கொண்டு போய்ச் சிரித்து அனுப்பலாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டு படுத்தேன். இருபத்தைந்து நாள் சரியாகத் தூங்காத பிள்ளை. கட்டை மாதிரி தூங்கிவிட்டேன்.

வெயில் அடித்து எழுந்து வாசலுக்கு வந்தபோது வண்டி இல்லை. ஆனால் ஒரு விசித்திரம். எப்போதும் இருக்கும் இரண்டு குழிகளுக்கு முன்னால் இன்னும் இரண்டு, அதற்கும் முன்னால் இன்னும் இரண்டு. ஆறு குழிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் குதிகாலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் அதே ஸ்டாண்டுதான். கிரீஸை அதிகமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, வண்டி வழுக்கி வழுக்கி அப்பாவைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது என்று தோன்றியது. அம்மா சாணிச் சட்டியோடு வாசல் பக்கம் வருவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற வீட்டுக்கு வந்திருந்தபோது, நிலக்கடலை உடைத்துக்கொண்டே அம்மா தற்செயலாகச் சொன்னாள். அந்த விடியலில் அப்பா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாராம், சத்தம் வரவில்லை. குனிந்து பார்த்தாராம். மறுபடியும் ஏற்றி, மறுபடியும் இறக்கினாராம். மூன்று தடவை. அப்புறம் பால் கறந்துகொண்டிருந்த அம்மாவிடம் வந்து, புள்ளையை எழுப்பட்டுமா என்று கேட்டாராம். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் அழும், கிளம்புகிற நேரத்தில் ஆகாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அம்மா பார்த்தால் திட்டுவாள் என்று, முன்னால் இருந்த நாலு குழிகளையும் மண் போட்டு நிரப்பி, மேலே ஏறி நின்று மிதித்துச் சமன் செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.